பெரியப்பாவின் பி.எஸ்.ஏ. உண்மையில் எந்த மாடல்?

பெரியப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டை ஒழுங்கு செய்யும்போது மாட்டுக் கொட்டகை மூலையிலிருந்து அவருடைய பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை, அந்த பி.எஸ்.ஏ.யை, வெளியே தள்ளிக்கொண்டு வந்தோம். இருபது வருடமாகத் தேங்காய் மட்டைக்கு அடியில் கிடந்த வண்டி. டயர் இரண்டும் பொடிந்து போயிருந்தன. ஆனால் கிக்கரை மெதுவாக மிதித்ததும் பிஸ்டன் அசைந்தது. அந்த ஒரு அசைவில் எனக்குத் தூக்கம் போனது.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அது "எம்-21, 600 சிசி, 48 மாடல்". பெரியப்பா அப்படித்தான் சொல்வார், நாங்களும் அப்படியே சொல்லி வளர்ந்தோம். இப்போதிருக்கும் ஆர்.சி. ஸ்மார்ட் கார்டில் 'பி.எஸ்.ஏ. 500, 1948' என்று இருந்தது. சேசிஸ் நம்பர் இருந்தது, இன்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. 500, 600 இரண்டும் சரியாக இருக்க முடியாது. "நீயே எடுத்துக்கோ கண்ணு, உங்க பெரியப்பாவுக்கு அப்புறம் அதைத் தொட்டது நீ ஒருத்தன்தான்" என்றார் பெரியம்மா. எடுத்துக்கொண்டால் அது என்ன வண்டி என்று சரியாகத் தெரிந்துகொண்டுதான் எடுப்பது என்று முடிவு செய்தேன். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் பதிவு விதிகளைக் கொண்டு வந்தது. சேசிஸும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. அதனால் காகித வேலைக்கும் இந்தத் தேடல் தேவைப்பட்டது.

முதலில் கேட்ட ஒரு பட்டறையில், மணல் அடித்து, பவுடர் கோட்டிங் போட்டு, டேங்குக்குக் குரோம் ஏற்றி மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள். கூடவே, "நம்பர் மேட்ச் ஆகலைன்னா பஞ்ச் அடிச்சுக்கலாம், யாருக்குத் தெரியும்" என்றார்கள். வண்டியை வேனிலிருந்து இறக்காமலேயே திரும்பிவிட்டேன். நம்பரைத் திருத்துவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அந்த வண்டி தன்னைப் பற்றிச் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் அவர்கள் ஒரே நாளில் மணல் அடித்து அழித்திருப்பார்கள்.

அப்புறம் சிங்காநல்லூரில் ஒரு பெரியவர் கிடைத்தார். பஞ்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய பி.எஸ்.ஏ.யும் நார்ட்டனும் பார்த்த கை. வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, "தம்பி, பதினஞ்சு நாள் இதுல எதையும் தேய்க்கக் கூடாதுங்க. பாத்துட்டு மட்டும் இருப்போம்" என்றார். நான் ஏற்றுக்கொண்ட முதல் விதி அதுதான்.

நம்பரில் தொடங்கினோம். பிரேம் நம்பர் முன்பக்கக் குழாயின் மேல்முனையில், ஸ்டியரிங் ஹெட்டுக்குக் கீழே இடப்பக்கம் இருக்கிறது. இன்ஜின் நம்பர் கிராங்க்கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, அதுவும் இடப்பக்கம்தான். மண்ணெண்ணெயில் ஊற வைத்துப் பழைய பல்துலக்கியால் துடைத்தோம். எமரி தாள் கிட்டவே வரவில்லை. எழுத்தின் பள்ளத்தில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து மேலே துடைத்ததும் வெள்ளை வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வது போல அதன்மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோடேப்பில் ஒற்றி எடுத்து நோட்டில் ஒட்டினேன். இரண்டிலும் முன்னெழுத்து 'டபிள்யூ.எம்.20'.

பி.எஸ்.ஏ.யின் எம் வரிசையில் அந்த முன்னெழுத்துதான் பாதி ஜாதகம். 'டபிள்யூ' என்றால் இரண்டாம் உலகப் போர்க்காலத்து வண்டி. போர் முடிந்த பிறகு எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்து மாறிக்கொண்டே போகும். 1948-இல் செய்த வண்டியில் 'டபிள்யூ' இருக்க வழியில்லை. அப்படியானால் 1948 என்பது பிறந்த வருடம் இல்லை, ராணுவம் கழித்துவிட்ட வண்டியை யாரோ வாங்கித் தன் பெயரில் பதிவு செய்த வருடம். போர் முடிந்ததும் இப்படி ஏலத்துக்கு வந்த வண்டிகள் நம் பக்கத்தில் நிறைய. எம்-20 மட்டுமே பிரிட்டிஷ் படைகளுக்காக 1,26,000 வரை செய்தார்கள் என்பது கணக்கு.

எம்-20 என்று எழுத்து சொல்கிறது, 600 என்று பெரியப்பா சொன்னார். வெளியே அடித்த எழுத்து உள்ளே சுற்றும் கிராங்க்குக்குச் சாட்சி ஆகாது. 75 வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ. எம்-20, எம்-21 இரண்டுக்கும் சிலிண்டர் குறுக்களவு ஒன்றுதான், 82 மி.மீ. வித்தியாசம் ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை போகும் தூரத்தில். எம்-20க்கு 94 மி.மீ., 496 சிசி. எம்-21க்கு 112 மி.மீ., 591 சிசி. சைடு வால்வு இன்ஜின் என்பதால் ஹெட்டில் வால்வு கிடையாது, கழற்றுவது சிரமமில்லை. ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டன் தலையில் கரி படிந்து ஆற்றுமணல் மாதிரி இருந்தது. பெரியவர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியை வைத்து அளந்தார். அப்புறம் பின்சக்கரத்தை நான் மெல்லச் சுற்ற, பிஸ்டன் அடிவரை இறங்கியது. மறுபடி அளந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 94. மூன்று முறை அளந்தோம், மூன்று முறையும் அதேதான். கரியை ஓரமாகச் சுரண்டியதும் பிஸ்டன் தலையில் '040' என்று தெரிந்தது. ஒருமுறை போரிங் செய்து 40 ஓவர்சைஸ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 509 சிசி வருகிறது. பெரியப்பாவின் 600 அதோடு முடிந்தது. அவர் பொய் சொன்னவர் இல்லை. அவருக்கு விற்றவர் சொன்னதைத்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பெயின்ட்தான். மேலே பளபளவென்று மெரூன், 80-களில் அடித்தது. டேங்கின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வாட்டர் பேப்பரை நனைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். அரை மணி நேரம் ஆனது. மெரூனுக்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே சாம்பல் நிற பிரைமர், அப்புறம் ஆலிவ் பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த சாணி நிறத்தில் ஒரு பழுப்பு. மரத்தை வெட்டினால் தெரியும் வளையம் மாதிரி அத்தனையும் வரிசையாக நின்றன. பிரிட்டிஷ் ராணுவம் போர் தொடங்கியபோது காக்கிப் பச்சை அடித்தது, 1942 வாக்கில் பழுப்புக்கு மாறியது, 1944-இல் ஆலிவுக்குப் போனது. பழுப்புக்கு அடியில் வெறும் இரும்புதான். அப்படியென்றால் இந்த டேங்க் பழுப்புக் காலத்தில் பிறந்து, ஆலிவ் காலத்திலும் பட்டாளத்தில் இருந்திருக்கிறது. டேங்கின் பக்கவாட்டில் மெரூனை மட்டும் கொஞ்சம் இறக்கியபோது, சாய்வான வெளிச்சத்தில் தடித்த வெள்ளை எழுத்தின் விளிம்பு தெரிந்தது. 'சி', பக்கத்தில் '4'. ராணுவம் மோட்டார் சைக்கிள்களுக்கு எழுதும் எண் 'சி'யில்தான் தொடங்கும். மிச்ச எண்கள் கறுப்புக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று அங்கேயே நிறுத்திவிட்டேன். தேய்த்துப் போய்விட்டால் திரும்ப வராது.

டேங்கின் பின்முனையில் ஒரு வெட்டுப் பள்ளம் இருக்கும். எங்கேயோ இடித்து நசுங்கி, டிங்கர் வேலை பார்த்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பெரியவர் விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது கம்பெனி மடிப்புங்க" என்றார். புழுதி நாடுகளுக்குப் போகும் எம்-20களில் டேங்க் மேல் ஒரு பெரிய வோக்ஸ் ஏர் பில்டரை உட்கார வைத்து, அங்கிருந்து கார்புரேட்டருக்குக் குழாய் விடுவார்கள். குழாய்க்கு வழிவிடத்தான் அந்தப் பள்ளம். பில்டர் எப்போதோ போய்விட்டது, பள்ளம் மட்டும் மிச்சம்.

கால் வைக்கும் இடத்தில் ரப்பர் இல்லை, பல் வெட்டிய வெறும் இரும்பு. அது தேய்ந்து போனது இல்லை, அப்படியே செய்தது. 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானிடம் போனதும் பிரிட்டனுக்கு ரப்பர் வரத்து அடைபட்டது. எம்-20க்கு இரும்பு புட்ரெஸ்டும், ரப்பருக்குப் பதில் கேன்வாஸ் சுற்றிய கைப்பிடியும் வந்தன. மலாயாத் தோட்டங்களில் அந்த ரப்பர் பாலை வெட்டிய கைகளில் நம் ஊர்க் கைகள் எத்தனை! என் பாட்டியின் தம்பி ஒருவர் அங்கே போனவர், திரும்பவில்லை. பர்மிங்காமில் செய்த வண்டியில் ரப்பர் இல்லாத அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

ஒரிஜினல் இல்லாதவையும் இருந்தன. கார்புரேட்டர் ஏமல் 276 இருக்க வேண்டிய இடத்தில் புல்லட்டின் மிக்கார்ப். லூகாஸ் டைனமோவின் உடம்பில் 1948 தேதி முத்திரை, அதாவது போருக்குப் பின் வந்த மாற்று. ஹெட்லைட் உள்ளூர்ச் சரக்கு. மொத்தம் எத்தனை நட்டு மாறியிருக்கிறது என்று பார்க்கப் பெரியவரிடம் ஒரு சுலபமான வழி இருந்தது: பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் செட்டை எடுத்து ஒவ்வொன்றிலும் மாட்டிப் பார்ப்பது. கச்சிதமாகக் கவ்வினால் பழசு, ஆடினால் பின்னால் வந்த மெட்ரிக். முன்பக்க கர்டர் போர்க்கில் எல்லாம் கவ்வின. பின்சக்கரத்துப் பக்கம் பாதிக்கு மேல் ஆடின.

இனி மனதை உறுத்திய விஷயம். பிரேமிலும் இன்ஜினிலும் முன்னெழுத்து ஒன்று, எண் வேறு வேறு. "டூப்ளிகேட் இன்ஜின், வேல்யூ பாதிதான்" என்று பார்க்க வந்த ஒரு புரோக்கர் சொல்லிவிட்டுப் போனார். பி.எஸ்.ஏ.யில் அந்தக் காலத்தில் பிரேம் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாக இருந்ததே இல்லை. தொழிற்சாலையை விட்டு வரும்போதே வேறு வேறுதான். எந்த பிரேமோடு எந்த இன்ஜின் போனது என்பது அவர்களின் அனுப்புகைப் பதிவேட்டில்தான் இருக்கும். அந்தப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்று தரும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், பிரிட்டனில் பர்ட்டன் நகரத்தில் இருக்கிறது. கட்டணத்தைக் கட்டி, நம்பர்களின் போட்டோவையும் பென்சில் ஒற்றையும் அனுப்பினேன்.

சில வாரத்தில் பதில் வந்தது. பிரேம் 1942-இல் பி.எஸ்.ஏ.யின் ஸ்மால் ஹீத் ஆலையிலிருந்து போர் ஒப்பந்தத்தின் கீழ் வெளியேறியிருக்கிறது. பழுப்பு பெயின்ட், இரும்பு புட்ரெஸ்ட், எல்லாம் பொருந்தின. ஆனால் அதோடு போன இன்ஜின் எண் இது இல்லை. அப்போ புரோக்கர் சொன்னது சரிதானா? இன்ஜின் எப்போது மாறியது? பட்டாளத்திலா, பெரியப்பா காலத்திலா, நடுவில் ஏதாவது பட்டறையிலா? ராணுவப் பணிமனைகளில் பழுதான இன்ஜினைக் கழற்றி, ஓவர்ஹால் செய்து வைத்திருக்கும் வேறொன்றை மாட்டி அனுப்புவது அன்றாட வேலை. நடந்திருக்கலாம். ஆனால் 'நடந்திருக்கலாம்' என்பதை வைத்து விண்ணப்பம் போட எனக்கு மனமில்லை.

பெரியம்மாவிடம் போய் மறுபடி உட்கார்ந்தேன். ஸ்மார்ட் கார்டுக்கு முன்னால் ஒரு புக் இருந்திருக்குமே என்று கேட்டேன். "அந்தச் செவப்பு அட்டையா?" என்றவர், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். நிலப்பட்டா, அவர்கள் கல்யாணப் பத்திரிகை, ஒரு சிகரெட் டின், அதற்குக் கீழே மெழுகுத் துணியில் சுற்றிய பதிவுப் புத்தகம். மதராஸ் மாகாண முத்திரை, 1948, நீல மையில் கையெழுத்து. கரையான் ஓரத்தை அரித்திருந்தது. நடுப்பக்கம் தப்பியிருந்தது.

பெட்ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் என் நோட்டையும் அந்தப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சேசிஸ் நம்பர் சரி. இன்ஜின் நம்பர், கடைசி மூன்று எண் 417. என் நோட்டில் ஒட்டியிருந்த பென்சில் ஒற்றிலும் 417. ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பெரியம்மாவைப் படிக்கச் சொன்னேன். எல்லாம் ஒன்றுதான். முதல் சொந்தக்காரர் பதிவு செய்த அன்றே இந்த இன்ஜின்தான் இதில் இருந்திருக்கிறது. மாற்றம் அதற்கு முன்பே, பட்டாளத்தில் இருந்தபோதோ ஏலத்துக்குத் தயார் செய்தபோதோ நடந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் எதையும் மாற்றவில்லை.

சான்று, பழைய புத்தகத்தின் நகல், பென்சில் ஒற்று மூன்றையும் சேர்த்து, தயாரிப்பு வருடத்தைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அதையும் கேட்டிருக்கிறேன். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி ஒரு ஏமல் 276 வாங்கியாயிற்று. மிக்கார்ப்பைக் கழற்றி எண்ணெய் போட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன், பெரியப்பா அதை வைத்துத்தான் ஓட்டினார். டேங்குக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அந்த 'சி 4' மேல் மெல்லிய மெழுகு மட்டும் பூசியிருக்கிறேன்.