வயல் நடுவே ஒரு ரேடியோ

மன்னார்குடி பக்கம் பெரியப்பாவின் குறுவை வயலில் நீர்மட்டம் சொல்லும் ஒரு சின்னப் பெட்டியை நட்டு வைத்தேன். பேட்டரி ஒரே மாதத்தில் காலி. "என்னடா தம்பி, பெட்டி பேச மாட்டேங்குது" என்று பெரியப்பாவிடமிருந்து போன்.

தப்பு என்னுடையதுதான். சிக்னல் வீடு வரை வர வேண்டுமே என்று லோரா சிப்பை (குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ) முழு பலத்தில், எஸ்எஃப் 12-இல் ஓடவிட்டிருந்தேன். எஸ்எஃப் எண் கூடினால் சிக்னல் தூரம் போகும், ஆனால் செய்தி போய் முடிய நேரம் எடுக்கும். எஸ்எக்ஸ்1276 என்ற அந்தச் சிப் 20 டிபிஎம்மில் (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு) 120 மில்லிஆம்பியர் இழுக்கும். 10 பைட் செய்தி காற்றில் போய் முடிய கிட்டத்தட்ட ஒரு நொடி.

வயலில் இறங்கிப் பார்த்தால், பயிர் வளர்ந்து ஆன்டெனாவை மூடியிருந்தது. ஈரமான பயிர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். மூங்கில் கழி நட்டு, ஆன்டெனாவைத் தலைக்கு மேலே ஏற்றினேன். அப்புறம் எஸ்எஃப் 7 போதுமென்றானது: அதே செய்திக்கு 41 மில்லிநொடி. போர்டையும் மாற்றி, ஆர்எஃப்ஓ பின் (சிப்பில் குறைந்த பலத்துக்கான வெளியீட்டு முனை) வழியாக 13 டிபிஎம், 29 மில்லிஆம்பியர்தான். பெருக்கிப் பார்த்தேன், ஒரு செய்திக்கான மின்சாரம் நூறில் ஒரு பங்கு! அந்தக் கணக்கை இன்னும் நோட்டில் வைத்திருக்கிறேன்.

இப்போது தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் அனுப்புகிறது. மற்ற நேரம் தூக்கம். அறுப்பு வரை அதே பேட்டரி நின்றது.