ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்த விவாதம்

அம்மா தூங்கிவிட்டதால் நேற்று இரவு தொலைக்காட்சி விவாதத்தை ஒலியில்லாமல் பார்த்தேன். ஆறு கட்டங்களில் ஆறு முகங்கள். ஐந்து வாய்கள் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. நெறியாளர் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தார். தலைப்பு நெல் கொள்முதல். ஆனால் ஒருவர் விரலை நீட்டிய விதத்தைப் பார்த்தால் நெல்லுக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை.

ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன். ‘துரோகி’ என்ற சொல் காதில் விழுந்தது. எண்ண ஆரம்பித்தேன் (வேறு வேலை இல்லை). ஒன்பது முறை. யார் யாருக்கு எதில் துரோகம் செய்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் நனைந்த நெல்லுக்கு அதைத் தளர்த்துங்கள் என்பதுதான் டெல்டா விவசாயிகளின் கோரிக்கை. அந்த எண் ஒருவர் வாயிலும் வரவில்லை.

பழைய மேடைகள் எல்லாம் பூப்பந்தல் என்று கதைவிட மாட்டேன். அன்றும் காது கூசப் பேசியவர்கள் உண்டு. ஆனால் ராஜாஜியின் 1953 கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி விடாமல் எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில், சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார். திட்டத்தைப் பற்றிய கருத்தை அவர் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதை எழுதி, கட்சிக்காரரான மைத்துனரிடம் காட்டினேன். முழுதாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி அத்தான், இது யாரைத் தாக்கி எழுதியது?”