சுங்கை சிப்புட்டும் ஒரு ஐந்து அங்குல ஸ்பீக்கரும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கே.எல். சென்ட்ரலில் வடக்கே போகும் இ.டி.எஸ். ரயிலில் ஏறினேன். ஒரு பையில் இரண்டு நாளுக்கான துணி. இன்னொரு பையில் எரிந்துபோன இரண்டு ட்வீட்டர்கள், ஒரு மல்டிமீட்டர், மடிக்கணினி. போகிற இடம் சுங்கை சிப்புட், தாய்மாமா வீடு. சொந்தமாக மூன்று வழி ஸ்பீக்கர் (கீழ் ஒலிக்கு ஊஃபர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், உச்ச ஒலிக்கு ட்வீட்டர்) ஒரு ஜோடி செய்கிறேன் என்று ஆறு மாதமாக வீட்டை மரத்தூளாக்கி வைத்திருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா, "உன் மாமாகிட்டயே போய்க் கேளுடா, அவன்தான் உனக்குச் சரி" என்று அனுப்பிவிட்டார்.

ஈப்போ நெருங்கும்போது சன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் தெரிய ஆரம்பிக்கும். சமவெளியில் யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் செங்குத்தாக நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவேன். ஈப்போவைத் தாண்டி 30 கிலோமீட்டருக்குள் சுங்கை சிப்புட். மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. மாமா மோட்டாரோடு நிலையத்தில் நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு முதல் கேள்வி: "சாப்பிட்டியா?" இரண்டாவது கேள்வி: "எத்தனைய எரிச்ச?"

சின்ன ஊர்தான். ஆனால் 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலமே பிரகடனமானது. இப்போது அந்தச் சாலைகளில் போனால் இரண்டு பக்கமும் செம்பனை. மாமா பிறந்த லயமும் இல்லை, தாத்தா பால் வெட்டிய ரப்பர் மரங்களும் இல்லை. "அங்கதான் திடல் இருந்துச்சு. வெள்ளத் துணி கட்டிப் படம் காட்டுவாங்க" என்று மோட்டாரை ஓட்டிக்கொண்டே ஒரு கையை நீட்டிக் காட்டினார். அந்தத் திடலில் படம் காட்ட வந்தவர்களின் ஆம்ப்ளிஃபயரை வேடிக்கை பார்த்துத்தான் மாமா இந்தப் பித்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு முப்பது வருடம் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி செட்டு கட்டினார். இப்போது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு வரிசை வீடு. அதன் பின்கட்டு முழுக்கப் பழைய ஸ்பீக்கர்.

தே ஓ (பால் இல்லாத தேநீர்) வந்தது. எரிந்த ட்வீட்டரை எடுத்து வைத்தேன். ஒட்டியிருந்த தாளில் 300 வாட் என்று அச்சடித்திருந்தது. மாமா சிரித்தார். "இத நம்பியா வாங்கின? இது ஸ்டிக்கர்டா."

தப்பு என்னுடையதுதான். அந்த ட்வீட்டரின் ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே ஆடத் துடிக்கும் இடம், 1200 ஹெர்ட்ஸில் இருந்தது. நான் போட்டது ஒற்றைக் கண்டென்சர், 6.8 மைக்ரோஃபாரட். எட்டு ஓமுக்கு அது 2900 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டும், அதாவது அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும்; ஆனால் சரிவு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல் மட்டும். காகிதக் கணக்கிலேயே 1200 ஹெர்ட்ஸில் 8 டெசிபல்தான் குறைகிறது. டோம் (ட்வீட்டரின் குவிந்த சவ்வு) எங்கே தானாக ஆடத் துடிக்கிறதோ அங்கேயே போய்த் தள்ளிவிட்டிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் சுருள் கருகாமல் என்ன செய்யும்? வெட்டும் இடம் ஒத்ததிர்வைப்போல் இரண்டு மடங்காவது மேலே இருக்க வேண்டும், சரிவும் 12 டெசிபலாவது வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. சோம்பல்.

"ட்வீட்டர அப்புறம் பாக்கலாம். மொதல்ல நடுவுல என்ன வைக்கப்போற?" என்றார் மாமா.

எனக்கு மூச்சு அடைத்தது. ஆறு மாதமாக நான் தேடியதெல்லாம் ட்வீட்டர்தான். பத்து அங்குல ஊஃபர் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. மிட்ரேஞ்ச் ஏதாவது ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மனிதக் குரல், வயலின், நாதஸ்வரம் எல்லாம் அந்த "ஏதாவது ஒன்றில்" இருந்துதான் வரப்போகிறது என்பது மூளைக்கு ஏறவில்லை.

மாமா மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது, பழைய வீட்டு செட்டிலிருந்து கழற்றிய ஐந்து அங்குலம். பின்பக்கம் தகரத்தால் மூடியது. தனி அறை கட்டத் தேவையில்லை என்று மலிவுப் பெட்டி செய்கிறவர்களுக்கு இதன்மேல் ஆசை. ஆனால் அந்தத் தகரத்துக்குள் அடைபட்ட கொஞ்சூண்டு காற்று ஒத்ததிர்வைப் பல நூறு ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடும். நாம் வெட்ட நினைக்கும் இடத்திலேயே அது முட்டிக்கொண்டு நிற்கும். செய்தி வாசிப்பவர் பால் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கும். இரண்டாவது நான் கனவு கண்டது, இரண்டு அங்குல டோம். அழகாகப் பரவும், குரல் பட்டுப்போல் வரும். ஆனால் டோம் அதிகம் அசையாது, 700, 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை வாங்கக் கூடாது. ஒரு ஜோடி வாங்கினால் என் பட்ஜெட்டான 600 வெள்ளியில் (ரிங்கிட்) பாதி போய்விடும்.

மூன்றாவது காகிதக் கோன் போட்ட ஐந்து அங்குலம். கடையில் சின்ன ஊஃபர் என்று விற்பது. இந்தோனேசியாவில் சுராபாயாவில் சினார் பாஜா ஆலையில் செய்தது, எஸ்.பி. அக்கூஸ்டிக்ஸ் என்று உலகம் முழுக்கப் போகும் ஸ்பீக்கர்களும் அங்கே செய்பவைதான். நமக்குப் பக்கத்து நாட்டுச் சரக்கு. மடிக்கணினியில் அளந்து பார்த்தேன், ஒத்ததிர்வு ஒன்றுக்கு 58, மற்றதற்கு 63 ஹெர்ட்ஸ். 300இல் வெட்டினாலும் கவலையில்லை.

"அப்ப 300லயே வெட்டலாமே மாமா" என்றேன். குரல் முழுக்க ஒரே கோனில் வந்துவிடும் என்ற பேராசை. அவர் பென்சிலை என் பக்கம் தள்ளினார். எட்டு ஓமுக்கு, ஆக்டேவுக்கு 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வடிகட்டி வகையில், 300 ஹெர்ட்ஸுக்கு 8.5 மில்லிஹென்றி காயிலும் (கம்பிச் சுருள்) 33 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வேண்டும். ஊஃபருக்கு ஒரு செட், மிட்டுக்கு ஒரு செட், அதுவும் இரண்டு பெட்டிக்கு. செம்புக் கம்பி விலைக்கு அந்தக் காயில்கள் ஸ்பீக்கரையே விழுங்கிவிடும். 600க்கு ஏற்றினால் எல்லாம் சரிபாதி, 4.25 மில்லிஹென்றி, 16.6 மைக்ரோஃபாரட். பத்து அங்குல ஊஃபர் 600 வரை தாராளமாகப் பாடும். குறைந்த பட்ஜெட்டில் மூன்று வழி செய்கிறவர்கள் ஸ்பீக்கர் விலையை மட்டும் கூட்டிப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இன்னொரு விஷயத்திலும் என் கணக்கு தலைகீழ். மிட்டின் உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு அது தரும் சத்தம், 88 டெசிபல், ஊஃபருக்கு 90. மிட் அடங்கிப்போகுமே என்று பயந்தேன். முன்பலகையின் அகலம் 28 சென்டிமீட்டர்; சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி பலகையைச் சுற்றிப் பின்னால் போய்விடும், அதனால் ஊஃபர் நாலைந்து டெசிபல் இழக்கும். ஆக உண்மையில் அது 86 பக்கம்தான். மேடைக்கு வைக்கும் 95 டெசிபல் மிட்டை வாங்கியிருந்தால் மிச்சத்தை ரெசிஸ்டரில் சூடாக்கித்தான் தீர்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் அத்தை மீன் குழம்பு வைத்திருந்தார். அதைப் பற்றி எழுதினால் ஸ்பீக்கர் கதை நின்றுபோகும்.

மிட் முடிவானதும் ட்வீட்டர் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு அங்குல துணி டோம், ஒத்ததிர்வு 1000க்குள், முகத்தட்டு சின்னதாக, அவ்வளவுதான் தேவை. தட்டின் அளவு ஏன் என்றால், மிட்டும் ட்வீட்டரும் வெட்டும் இடத்தில் சேர்ந்து ஒலிக்கும்; இரண்டின் மையங்களும் அந்த அலைநீளத்துக்குள் நெருங்கி இருந்தால் நல்லது. இந்த இரண்டுக்கும் நடுவே வெட்டுவது 2800 ஹெர்ட்ஸில்; அதன் அலைநீளம் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 13 சென்டிமீட்டர் மிட்டும் 10 சென்டிமீட்டர் தட்டும் ஒட்டி வைத்தால் மையத்துக்கு மையம் பதினொன்றரை. பொருந்தியது. வெட்டும் இடம் இன்னும் மேலே போனால் ஐந்து அங்குலக் கோன் ஒலியை டார்ச் லைட் மாதிரி குறுக்க ஆரம்பிக்கும். கீழே போனால் இன்னொரு ட்வீட்டர் என் பையில் ஏறும். பீசோ ட்வீட்டர் ஒரு டப்பா நிறைய இருந்தது. "இது சாமிக்கு மட்டும்" என்று மாமா மூடிவிட்டார்.

சாயங்காலம் ஒரு பலகையில் இரண்டையும் பொருத்தினோம். மிட்டுக்குப் பின்னால் ஆறு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு, உள்ளே பழைய தலையணை இலவம் பஞ்சு. இந்த அறை இல்லையென்றால் ஊஃபர் தள்ளும் காற்று மிட்டைப் பின்னாலிருந்து உதைக்கும். மாமாவின் டப்பாவில் இருந்த 0.9 மில்லிஹென்றி காயில், 3.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர். ஸ்பீக்கரின் உண்மையான மின்மறுப்பு எட்டு ஓமிலேயே நிற்காது, பிறகு அளந்து திருத்த வேண்டும். காது வைத்துப் பார்க்க இது போதும்.

மின்னல் எஃப்.எம். செய்தி போட்டோம். பாட்டு வேண்டாம், பாட்டு ஏமாற்றும், பேச்சு ஏமாற்றாது என்பது மாமாவின் கட்சி. குரல் வந்தது, ஆனால் நடுவில் ஓட்டையாக, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல். நான் கண்டென்சரைச் சந்தேகித்தேன். மாமா ஒன்றரை வோல்ட் பேட்டரியை மிட்டில் தொட்டுக் கோன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தார் (ட்வீட்டரில் இந்த வேலை வேண்டாம்), பிறகு ட்வீட்டரின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டார். இந்த வகை வெட்டில் ஒன்றைத் திருப்பித்தான் இணைக்க வேண்டும். செய்தி வாசிப்பவர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். வானிலை முடியும் வரை மூன்று பேரும் பேசவில்லை.

ஞாயிறு மாலை ரயிலில் மிட் ஜோடி என் மடியில் இருந்தது. காசு கொடுத்ததற்கு மாமா கோபித்துக்கொண்டார், அத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பெட்டி அறுத்தாகிவிட்டது, காயில் மட்டும் பாக்கி. 4.25 மில்லிஹென்றிக்கு ஒன்றரைக் கிலோ கம்பி பத்துமா என்று மாமா நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.