சூசையப்பர் பந்தியும் தக்காளிப் பாட்டிலும்

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி விலை விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று செடியோடு விட்டுவிடுவார்கள். மண்டிக்குப் போனது ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும், மாடு தின்னும். அப்படித் தக்காளி மலிந்து குவிகிற வாரத்துக்காகவே வருடம் முழுக்கக் காத்திருந்த அம்மாக்கள் இருந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடிபோன தெற்கு இத்தாலிப் பெண்கள் அவர்கள்.

1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் கலாப்ரியா, கம்பானியா, சிசிலி போன்ற தெற்குப் பகுதிக்காரர்கள். முதலில் வீட்டுக்காரர் போவார். காசு சேர்ந்ததும் பெண்டாட்டி, பிள்ளைகளை வரவழைப்பார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போகிற நம் மாவட்டத்துக் குடும்பங்களில் நடப்பதும் இதுதானே. போன இடத்தில் அந்தப் பெண்கள் ஒற்றை அறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு துணி தைத்தார்கள், துணிப்பூ செய்தார்கள். வயதுக்கு வந்த பெண்கள் தையல் கம்பெனிக்குப் போனார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் டிரையாங்கிள் கம்பெனித் தீயில் இறந்த 146 பேரில் பெரும்பாலோர் இத்தாலிய, யூதக் குடும்பத்துப் பெண்கள்.

இந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தியாகம், கண்ணீர், செபமாலை என்று முடித்துவிடுகிறார்கள். அது அவளுக்குச் செய்கிற அநியாயம் என்பேன். அவள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைக் கோயில் காலண்டரை வைத்துத்தான் போட்டாள். ஜூலை 16 கார்மேல் மாதா திருநாள். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள் முடிந்ததும் தக்காளிச் சாற்றைப் பாட்டிலில் அடைப்பது. டிசம்பர் 24 ராத்திரி கறி கிடையாது, மீன்தான். மார்ச் 19 இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் திருநாள்.

தக்காளியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் தப்பு நடக்க இடம் அதிகம். 10 கிலோ பழுத்த தக்காளிக்குச் சுமார் 4 லிட்டர் சாறு நிற்கும், அதாவது அரை லிட்டர் பாட்டில் எட்டு. கெட்டியாக வேண்டும் என்று இன்னும் சுண்டவிட்டால் ஆறு, ஆறரைதான். அடிபட்டது, பூஞ்சை பிடித்தது, காய்ந்த செடியிலிருந்து பறித்தது எதையும் சேர்க்கக் கூடாது.

நம்மில் பலரும் செய்கிற தப்பு, மொத்தத்தையும் நறுக்கிக் குவித்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவைப்பது. நறுக்கின நிமிடமே தக்காளிக்குள் இருக்கும் நொதி, சாற்றைக் கெட்டியாக வைக்கிற பெக்டினை உடைக்கத் தொடங்கிவிடும். அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் பாட்டிலில் கீழே தண்ணீர், மேலே சதை என்று பிரிந்து நிற்கும். அதனால் முதலில் அரை கிலோவை மட்டும் நறுக்கிப் பெரிய தீயில் கொதிக்கவிட்டு மத்தால் மசிக்க வேண்டும். கொதி அடங்காதபடி மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி நறுக்கிப் போட வேண்டும். எல்லாம் போட்டபின் 5 நிமிடம் கொதித்ததும் கண் சிறிய சல்லடையில் தேய்த்துத் தோலையும் விதையையும் எடுத்துவிட்டு, மறுபடி அடுப்பில் வைத்து மூன்றில் ஒரு பங்கு வற்றவிட வேண்டும்.

பழைய அம்மாக்கள் பாட்டிலில் துளசி இனத்துப் பேசில் இலை ஒன்றைப் போட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அது போதாது. தக்காளியின் புளிப்பு ரகத்துக்கு ரகம் மாறும். புளிப்பு குறையக் குறைய ஏறுகிற பிஎச் அளவு 4.6க்கு மேலே போனால், காற்றில்லாத பாட்டிலுக்குள் பாட்டுலிசம் என்கிற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும். நாட்டுத் தக்காளி நாக்குக்குப் புளிக்கிறதே என்று நம்பி விட்டுவிடக் கூடாது. அரை லிட்டர் பாட்டில் ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாகச் சிட்ரிக் ஆசிட், நம் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று தருவார்களே அது, போட்ட பிறகுதான் சாறு. வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் புளிப்பைக் குறைப்பவை. பாட்டிலைத் திறந்து சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

மேலே கால் அங்குலம் இடம் விட்டு, வாயைத் துடைத்து, புது மூடி போட வேண்டும். அங்கே அந்தக் காலத்தில் எண்ணெய் டிரம்மில் பாட்டில்களைப் பழந்துணி சுற்றி அடுக்கி, தண்ணீர் மூழ்க ஊற்றி, விறகு எரித்தார்கள். துணி சுற்றாவிட்டால் கொதியில் ஒன்றோடொன்று மோதி உடையும். நமக்குப் பெரிய அண்டா போதும், அடியில் துணி விரித்து, பாட்டிலுக்கு மேலே ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். கடல் மட்டத்தில் 35 நிமிடம் கொதித்தால் போதும். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. இங்கே தண்ணீர் 100 டிகிரி வருமுன்பே கொதித்துவிடும். அதனால் 45 நிமிடம் வையுங்கள். மறுநாள் மூடி நடுவில் உள்வாங்கி இருக்க வேண்டும். மாதம் கழித்து மூடி உப்பியிருந்தால் ருசிகூடப் பார்க்காமல் குழியில் கொட்டி மூடிவிட வேண்டும்.

சிசிலிக்காரிகள் இன்னொன்றும் செய்தார்கள். உப்புப் போட்ட தக்காளி விழுதைப் பலகையில் மெல்லப் பரப்பி, மாடியில் நாள்கணக்காகக் காயவைத்துத் திருப்பித் திருப்பி வழித்தார்கள். செங்கல் நிறத்துக்கு இறுகும். வடகம் காயப்போடுகிற நமக்கு அந்த வேலை புதிதல்ல. வெயிலைவிடக் காற்று முக்கியம், ஈரக்காற்று அடித்தால் புளித்துவிடும்.

கோயில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க் ஹார்லெமில் கார்மேல் மாதா திருநாளை 1880களிலிருந்து கொண்டாடினார்கள். கோயில் கட்டி முடித்தபின் பல வருடம் இத்தாலியர்களுக்குக் கீழ்த்தளத்தில்தான் பூசை. அவர்களுடைய சப்பரமும் வெறுங்கால் நேர்ச்சையும் மெழுகில் செய்த கை கால் உருவக் காணிக்கையும் நியூயார்க்கின் ஐரிஷ் குருக்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற நமக்கு இதைப் படிக்கும்போது வலிக்கிறது. அப்படியும் அந்தப் பெண்கள் மாதாவை விடவில்லை. 1889இல் நியூயார்க் வந்து இறங்கிய கன்னியர் பிரான்செஸ் சேவியர் கப்ரினியும் அந்த மக்களுக்காகத்தான் அனாதை இல்லம், பள்ளி, மருத்துவமனை என்று கட்டினார். சவேரியார் மேலிருந்த பற்றால் அவர் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1946இல் புனிதர் பட்டம் பெற்றார்.

சிசிலிப் பஞ்சத்தில் மழைக்குச் சூசையப்பரிடம் வேண்டிக்கொண்ட நேர்ச்சை என்று சொல்லி, மார்ச் 19க்கு மூன்று படி வைத்துப் பந்தி அடுக்குவார்கள். மேல்படியில் சூசையப்பர் சுரூபம். கீழே ஏணி, கைத்தடி, சிலுவை வடிவத்தில் ரொட்டி, காய்கறி, பழம், மீன். தவக்காலம் என்பதால் கறி இல்லை. பந்திக்கான மாவையும் எண்ணெயையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிச் சேர்ப்பதும் நேர்ச்சையில் அடக்கம். திருக்குடும்பம்போல் வேஷம் போட்ட பிள்ளைகள் இரண்டு கதவைத் தட்டி இடமில்லை என்ற பதிலைக் கேட்டு, மூன்றாம் கதவு திறந்து உட்கார்ந்து முதல் கவளம் எடுத்த பிறகே மற்றவர்களுக்குச் சாப்பாடு. ஏழைகளுக்குப் போகாத பந்தி பந்தியே இல்லை.

பாஸ்தா மேல் சீஸ் போடாமல் வறுத்த ரொட்டித்தூளைத் தூவுவார்கள், தச்சரான சூசையப்பரின் பட்டறை மரத்தூளுக்கு அடையாளம் அது. இரண்டு நாள் பழைய ரொட்டியைக் காயவைத்துத் துருவி, ஒரு கப்புக்கு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, சிறு தீயில் கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும். தேன் நிறம் வந்ததும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். புது ரொட்டியைத் துருவினால் மாவாகத் திரளும். காய்ந்த ஃபாவா பயறு ஒன்றை மந்திரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். பார்க்க நம் மொச்சைபோல இருக்கும், ஆனால் வேறு செடி. ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது, ரத்தச் சிவப்பணு உடையும்.

மந்திரித்த ரொட்டியில் ஒரு துண்டை அம்மா தனியே எடுத்து வைப்பாள். குருத்தோலையைச் சிலுவையாக மடித்து நாம் வீட்டில் செருகி வைக்கிறோமே, அதுபோல. சூறைக்காற்று கிளம்பினால் அதில் கொஞ்சம் பிய்த்து வாசலில் எறிந்து சூசையப்பரைக் கூப்பிடுவாள்.