தொட்டிச்சுவரில் சேகரித்த எச்சங்கள்

மீன் நோயியல் ஆய்வகத்தில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, ட்ரௌட் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றின் தொட்டிச்சுவர்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் விட்டுச்சென்ற எச்சத்தைச் சேகரிப்பதாகும். தீவனம் எடுக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே அங்கிருந்த குஞ்சுகள் உடல் கறுத்து, வயிறு உப்பி, திருகுபோலச் சுழன்று நீந்தி மடிந்துகொண்டிருந்தன. வெள்ளை நூலைப் போன்ற கழிவு அவற்றின் பின்னால் இழுபட்டது. ஐபிஎன் எனப்படும் தொற்றுக் கணைய அழிவு நோய் என்று ஆய்வகம் ஏற்கெனவே உறுதிசெய்திருந்தது. அதைப் பறவைகள்தாம் கொண்டுவருகின்றன என்று பொரிப்பகத்தில் அனைவரும் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. 1960இல் செல் வளர்ப்பின் வழியாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் மீன் வைரஸ், ஐபிஎன் நோயை உண்டாக்கும் வைரஸே. மீனுண்ணும் பறவைகளின் குடலைக் கடந்த பிறகும் இது தொற்றும் திறனோடு வெளிவருவதை 1970களின் ஆய்வுகள் காட்டின. இதற்குக் கொழுப்புறை கிடையாது என்பதால் இரைப்பையின் அமிலத்தைத் தாங்கிக்கொள்கிறது. மீன்களில் இரத்தக்கசிவு நோயை உண்டாக்கும், கொழுப்புறை உடைய விஎச்எஸ் வைரஸ் அதே பாதையில் செயலிழந்துவிடுகிறது. இரண்டுமே ட்ரௌட் மீனைக் கொல்பவை. ஆகவே, எந்த நோய் என்று சொல்லாமல் பறவைகள் நோய் பரப்பும் என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

எச்சத்தில் வைரஸைத் தேடுவது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எச்சத்தைக் கரைத்து, நுண்ணுயிர் எதிர்ப்பி சேர்த்து, பாக்டீரியா நீங்க 0.45 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, குடுவையில் ஒரே படலமாக வளர்ந்திருந்த மீன் செல்களின் மேல் இட்டு, 15 டிகிரி செல்சியஸில் வைத்தேன். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்கள் சுருங்கி உருண்டு, குடுவையின் அடியிலிருந்து உரிந்து மிதந்தன. மிகுந்த மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் ‘வைரஸ் உள்ளது’ என்று எழுதிவிட்டேன். மூத்த ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, “நூறு மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள், அதிலிருந்து எடுத்துப் புதிய செல்களுக்கும் மாற்றிப் பாருங்கள்” என்றார். வைரஸாக இருந்தால் பெருகி, மாற்றிய குடுவையிலும் செல்களை அழிக்கும். எச்சத்தின் நச்சுத்தன்மையாக இருந்தால் நீர்க்க நீர்க்க மறைந்துபோகும். என்னுடைய மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் அது மறைந்துதான் போனது. சில குடுவைகளில் மட்டும் மூன்றாம் நாளுக்குப் பிறகு செல்கள் மெல்ல மெல்ல அழியத் தொடங்கின. அவற்றில்தான் வைரஸ் இருந்தது.

அதை ஆய்வுக்கூட்டத்தில் சொன்னபோது மூத்த ஆய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த நாரை அன்று காலை எங்கே இரை எடுத்தது?” என்னிடம் பதில் இல்லை. மாதிரிகள் அனைத்தையும் நான் தொட்டிச்சுவரில் மட்டுமே எடுத்திருந்தேன். ஆற்றின் மேற்பகுதியிலிருந்தோ பறவைகள் இரவில் அடையும் மரங்களின் அடியிலிருந்தோ ஒன்றுகூட எடுக்கவில்லை. நோயுற்று நீர்ப்பரப்பில் தடுமாறும் மீன்தான் பறவைக்கு எளிதில் அகப்படும். அப்படியிருக்க, எங்கள் தொட்டியின் வைரஸே பறவையின் குடல் வழியாக எங்கள் சுவருக்குத் திரும்பி வந்திருக்கலாம். பல வார உழைப்பு, திசையைச் சொல்லாத ஒரு முடிவையே தந்திருந்தது. அந்த ஏமாற்றம் நெடுநாள் என்னை வருத்தியது.

பிறகு தாய்மீன்களின் சினைப்பைத் திரவத்தைச் சோதித்தோம். அதில் வைரஸ் இருந்தது. இந்த நோய் முட்டையோடு அடுத்த தலைமுறைக்குச் செல்லக்கூடியது; முட்டைகளை அயோடின் கரைசலில் கழுவினாலும் முழுமையாக நீங்குவதில்லை. பறவைகள் ஒன்றுகூட வராத ஆண்டிலும் அந்தக் குஞ்சுகள் மடிந்திருக்கக்கூடும் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

அப்படியானால் தொட்டிகளுக்கு மேல் வலை கட்ட வேண்டாமா என்று பொரிப்பகப் பொறுப்பாளர் கேட்டார். கட்டத்தான் வேண்டும் என்றேன். இங்கே உண்ட பறவை வைரஸை வேறு ஓடைக்கு எடுத்துச் செல்லும் வாய்ப்பு இருந்தது. ஆனால் வலைக்கு முன்பே, வைரஸ் உள்ள தாய்மீன்களை நீக்குவதையும், பறவைகள் வருவதற்குள் விடியற்காலையில் இறந்த குஞ்சுகளை அகற்றுவதையும் தொடங்கச் சொன்னேன். அடுத்த பருவத்தில் என் முதல் மாதிரிகளை ஆற்றின் மேற்பகுதியில் எடுத்தேன்.