வடக்குப் பக்கத்து நிழல்

ஏப்ரல் 21

ஹோஸ்டாச் செடிகளின் மூக்கு, அதாவது குருத்து நுனி, மண்ணுக்கு மேலே தெரிகிறது. ஃபிரான்சஸ் வில்லியம்ஸ் என்ற ரகத்தில் மட்டும் ஏழு. போன வருடம் ஐந்து.

ஏப்ரல் 25

ராத்திரி முழுக்கப் பனி. மினியாபொலிஸில் ஏப்ரல் கடைசியில் பனி கொட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், நான்தான் பன்னிரண்டு வருடமாகியும் புலம்பிக்கொண்டிருக்கிறேன். வீடு பார்க்க வந்தவர்கள் வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு ஷெட் போட்டுக்கொள்ளலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மண்ணுக்குள் இருபத்து மூன்று ஹோஸ்டா தூங்குகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஷெட் போடுகிறவர்கள்தான் வாங்குவார்கள்.

மே 2

ஹூஸ்டனிலிருந்து மனைவி போன் பண்ணினாள். பாப்பாவுக்குப் புது ஸ்கூல் பிடித்துவிட்டதாம். எனக்கு ஏனோ அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. "செடியெல்லாம் பொட்டலம் கட்டிக்கிட்டு வராதீங்க" என்றாள். கொண்டுபோனாலும் பிழைக்காது என்பதை அவளிடம் சொல்லவில்லை, அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஜப்பான், கொரியா பக்கத்துச் செடி, வாரக்கணக்கில் நல்ல குளிரில் படுத்து எழுந்தால்தான் அடுத்த வருடம் ஒழுங்காகக் குருத்து விடும். ஹூஸ்டனில் முதல் வருடம் சிறுக்கும், அடுத்த வருடம் இன்னும் சிறுக்கும், அப்புறம் ஒருநாள் தேடினால் இருக்காது. செடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மே 9

உறைபனி எச்சரிக்கை. இருந்த பெட்ஷீட், பழைய வேட்டி இரண்டு, சாமான் கட்ட வாங்கிய அட்டைப்பெட்டி, இட்லிக் குண்டான், எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. பாதி விரிந்த குருத்தில் பட்டால் வெந்த கீரை மாதிரி துவண்டுவிடும்.

மே 10

பேட்ரியட் என்ற ரகம் மட்டும் வெந்துவிட்டது. மற்றவை தப்பித்தன. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன், அவளுக்குக் கண்ணில் பட்டது குண்டான் மட்டும்தான்.

மே 18

ஜூன் விரிந்துவிட்டது. மாதம் இல்லை, ஒரு ஹோஸ்டாவின் பெயர் ஜூன். நடுவில் மஞ்சள், ஓரத்தில் நீலப்பச்சை, இரண்டும் சேருமிடத்தில் பிரஷ்ஷால் தீற்றின மாதிரி ஒரு இளம்பச்சை. அந்த நீலம் சாயமே இல்லை, இலை மேல் படிந்த மெழுகு. நாவல் பழத்தின் மேல் சாம்பல் பூத்திருக்குமே, அதுதான். விரலால் கோடு இழுத்தால் அந்த இடம் வெறும் பச்சையாகிவிடும். வருடத்துக்கு ஒரே ஒரு இலையில் இழுத்துப் பார்ப்பேன். இன்று இழுத்தேன்.

மே 23

கோல்டு ஸ்டாண்டர்டில் ஏதோ சரியில்லை.

மே 24

தூங்கவில்லை. ஐந்தரைக்கே போய்ப் பார்த்தேன். இலை நடுவில் இருக்கும் மஞ்சளில் பச்சை கசிகிறது. மட்டமான தாளில் மைப்பேனாவால் எழுதினால் எழுத்தைச் சுற்றி ஊறுமே, அதே மாதிரி நரம்பை ஒட்டி ஊறியிருக்கிறது, தடவினால் மேடும் பள்ளமுமாக விரலில் நெருடுகிறது. ஹோஸ்டா வைரஸ் எக்ஸ். 1996இல் இந்த மினசோட்டா பல்கலைக்கழகத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் இந்த மை ஊறிய இலையைப் புது ரகம் என்று நினைத்துப் பெயர் வைத்து விற்றார்கள், ஜனங்களும் ஆசையாக வாங்கினார்கள். மருந்து கிடையாது. பழி போட ஒரு பூச்சிகூடக் கிடையாது, சாறோடு சாறு பட்டுப் பரவுவது. அதாவது கத்தி.

செப்டம்பரில் பிரித்து நட்டேனே. ஒரே ரொட்டிக் கத்தி. வெட்டுக்கு வெட்டு பிளீச்சில் கழுவியிருக்க வேண்டும், வேட்டியில் துடைத்தேன். கோல்டு ஸ்டாண்டர்டை எப்போது வெட்டினேன்? கடைசியாக என்றால் பரவாயில்லை. கடைசியாகத்தான் என்று நினைக்கிறேன்.

மே 24, இரவு

போனில் அன்றைய போட்டோக்களைத் தேடினேன். கோல்டு ஸ்டாண்டர்டு இரண்டு துண்டாகப் புல்லில் கிடக்கிறது. கத்தி மண்ணில் குத்தி நிற்கிறது. பின்னால் ஃபிரான்சஸ் வில்லியம்ஸ் இன்னும் தோண்டப்படாமல், இலையெல்லாம் முழுசாக.

மே 26

அண்டுலேட்டாவில் ஒரு பக்கம் வெறும் பச்சையாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இது அதன் வழக்கம்தான். இலையின் வெள்ளைப் பகுதிக்குச் சமைக்கத் தெரியாது, பச்சை போடுவதைச் சாப்பிட்டு அழகு காட்டும், அவ்வளவுதான். அதனால் முழுப்பச்சைக் குருத்து ஒன்று வந்துவிட்டால் மடமடவென்று வளர்ந்து வெள்ளை ஓடியதையெல்லாம் அமுக்கிவிடும். பார்த்தவுடன் அதை அறுத்தெடுக்க வேண்டும். கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். கழுவித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும்.

மே 27

வீடு முடிந்தது. ஷெட் தம்பதிதான்.

மே 29

சோதனை ஸ்ட்ரிப் வந்தது. ஐந்துதான் இருக்கிறது, செடியோ இருபத்து மூன்று. இலைத் துண்டைப் பைக்குள் இருக்கும் திரவத்தோடு கசக்கி ஸ்ட்ரிப்பை முக்க வேண்டும், கோவிட் நாட்களில் டாய்லெட் மூடி மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதே இரண்டு கோடு சமாசாரம்.

கோல்டு ஸ்டாண்டர்டு: இரண்டு கோடு, பளிச்சென்று.
ஜூன்: ஒன்று.
ஃபிரான்சஸ் வில்லியம்ஸ்: ஒன்று.

சந்தோஷப்பட முடியவில்லை. புதிதாகத் தொற்றியிருந்தால் இப்போதைக்குக் காட்டாது, சில செடி வருடக்கணக்கில் சுகமாக இருப்பது போலவே நிற்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்ததில் இரண்டாவது கோடு இருக்கிற மாதிரியும் தெரிகிறது. என் கண்தான்.

கோல்டு ஸ்டாண்டர்டை வேரோடு தோண்டிக் கறுப்புப் பையில் கட்டினேன். மண்ணில் வேர்த்துண்டு மிச்சமிருக்கக் கூடாது என்று இருட்டும் வரை விரலால் அளைந்துகொண்டிருந்தேன். பெரிய கடை ஒன்றில் தள்ளுபடியில் வாங்கியது, ஆறு டாலர்.

மே 30

அதன் மற்ற பாதி பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறது. நான்தான் செப்டம்பரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதை ஒரு வாரமாக இங்கே எழுதாமல் இருந்தேன்.

ஃபிரான்சஸ் வில்லியம்ஸ் அவர் கொடுத்தது. 1936இல் கனெக்டிகட்டில் ஒரு நர்சரியில் நீலச் செடி வரிசையில் ஒன்று மட்டும் மஞ்சள் ஓரத்தோடு நின்றதாம், அதைக் கண்டு வாங்கிப்போன அம்மையாரின் பெயர்தான் செடிக்கு. அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே எனக்கு வெட்டிக் கொடுத்தார். அவருடையது முப்பது வருடத்துத் தூர், கட்டில் அகலம்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று போனேன். வாசலில் பிளாஸ்டிக் தொட்டிகள் வரிசையாக. சனிக்கிழமை சர்ச்சில் செடி விற்பனையாம், இரண்டு நாளாக உட்கார்ந்து பிரித்திருக்கிறார், கை நடுங்குகிறது, இருந்தாலும் எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் குச்சி செருகியிருக்கிறார். எண்ணினேன், முப்பத்து நாலு. "நீ கொடுத்ததும் இருக்கிறது பார்" என்று காட்டினார். இலை இன்னும் சுத்தமாகத்தான் இருந்தது. லெமனேட் கொடுத்தார். ஹூஸ்டனைப் பற்றிக் கேட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 31

இன்னும் இரண்டு ஸ்ட்ரிப் இருக்கிறது. நாளைக்கு எட்டு மணிக்கு சர்ச் வேன் வருகிறது.

மே 31, இரவு 11

அவர் வீட்டு விளக்கு எரிகிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு