தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் குட்டிக் கொசு: என் நாட்குறிப்பு

ஜூலை 2

ராத்திரி படித்துக்கொண்டிருந்தால் மூக்குக்கு நேரே ஒரு குட்டிக் கொசு. விசிறினால் போகிறது, அடுத்த நிமிஷமே திரும்ப வருகிறது. ஒரு வாரமாக இதே கதை. பழத்தட்டிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி வைத்தேன். இரண்டு நாளாகியும் ஒன்றுகூட விழவில்லை. இன்று மணி பிளான்டுக்குத் தண்ணீர் ஊற்றியதும் மண்ணிலிருந்து ஏழெட்டு ஒன்றாகக் கிளம்பின. பழத்தின் மேல் பழி போட்டது தப்பு.

ஜூலை 3

ஒன்றைத் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீளம் 3 மி.மீ. இருந்தால் அதிகம். கறுத்து மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் கால்கள். இறகின் நடுவில் ஒரு நரம்பு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிறது. சந்தேகமே இல்லை, ஃபங்கஸ் நாட். நான் பூஞ்சைக் கொசு என்றே எழுதப்போகிறேன். காளான் வளர்ப்பவர்கள் திட்டித் தீர்க்கும் சியாரிட் ஈயும் இந்தக் குடும்பம்தான். பழ ஈ இதைவிடக் குண்டு, பழுப்பு நிறம், பெரும்பாலும் சிவந்த கண். இது நம்மைக் கடிக்காது. ஆனால் வீட்டில் நாற்று விட்டிருப்பவர்கள் 'கடிக்காதுதானே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

ஜூலை 5

மஞ்சள் ஒட்டும் அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒன்பது தொட்டியிலும் மண்ணை ஒட்டினாற்போல் செருகி வைத்திருந்தேன். ஒட்டியிருந்த கொசுக்களைக் காலையில் எண்ணினேன். மணி பிளான்ட் 31. புதினா 14. தக்காளி நாற்றுத் தட்டு 11. மற்றவற்றில் இரண்டு, மூன்று. ஸ்நேக் பிளான்டில் ஒன்றுமே இல்லை.

ஸ்நேக் பிளான்டுக்கு மாதம் ஒருமுறைதான் தண்ணீர். மணி பிளான்டுக்குத் தினமும். வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஜூலை 8

மண்ணில் புழு இருந்தால் அதைத் தின்ன வரும் என்று, முந்தாநாள் பச்சை உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு வெட்டி, மணி பிளான்ட் மண்ணின் மேல் அழுத்தி வைத்தேன். இன்று புரட்டிப் பார்த்தேன். முதலில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனதும் அந்த ஈரம் நெளிந்தது. நூல் துண்டு மாதிரி பதினைந்து இருபது புழுக்கள், கண்ணாடி போல உடம்பு, முனையில் பளபளவென்று ஒரு கறுப்புத் தலை. தின்ற மண் உடம்புக்குள் ஒரு கறுப்புக் கோடாக ஓடுவதுகூடத் தெரிகிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கணக்கு இப்படி வருகிறது. ஒரு பெண் கொசு 200 வரை முட்டை இடும். நாலைந்து நாளில் பொரியும். புழுவாக இரண்டு வாரம், பெரும்பாலும் மேல்மண்ணில் 5 செ.மீ. ஆழத்துக்குள், பூஞ்சையையும் மக்கிய குப்பையையும் தின்னும். அது போதாதபோது வேரின் மெல்லிய தூவிகளையும் தின்னும். அப்புறம் நாலைந்து நாள் கூட்டுப்புழு. அதற்கும் பிறகுதான் இறகு. பறப்பது கடைசி ஒரு வாரம், பத்து நாள். இத்தனை நாளாக நான் கை தட்டி அடித்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசி வாரத்தை மட்டும்தான்.

ஜூலை 9

இன்றிலிருந்து தண்ணீர் நிறுத்தம். மேல்மண் இரண்டு விரல்கணு ஆழம் காய்ந்தால்தான் ஊற்றுவது என்று முடிவு.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏன்டி, இலை தொங்குதே, பாவமா இல்ல உனக்கு?" என்றாள். அம்மா சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. இந்தச் செடிகள் இவ்வளவு செழிப்பாக இருப்பதே அவள் கையால்தான். தொட்டியைத் தூக்கிக் காட்டினேன்: "கனத்தைப் பாரும்மா, அடியில இன்னும் தண்ணி இருக்கு." தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13

பி.டி.ஐ. போட ஆரம்பித்தேன். முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், செத்துக்கிடந்த கொசுப்புழுக்களோடு கண்டெடுத்த பாக்டீரியா. இதிலுள்ள புரதப் படிகம் புழுவின் வயிற்றுக் காரத்தில் கரைந்து குடல் சுவரை ஓட்டையாக்கிவிடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அதனால் நமக்கு அந்தப் பயம் இல்லை. புழு இதைத் தின்றால்தான் சாகும். முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் பறப்பதற்கும் இது ஒன்றும் செய்யாது. மண்ணில் ரொம்ப நாள் தங்கவும் தங்காது, அதனால் வாராவாரம் ஊற்ற வேண்டும். கொசுப்புழுவுக்கென்று விற்கிற தூளை, பாக்கெட்டில் போட்டிருந்த அளவுக்குக் கரைத்து, காய்ந்த மேல்மண் நன்றாக நனையும்படி ஊற்றினேன். தண்ணீர் முறைக்கும் மருந்து முறைக்கும் ஒரே நாள், தனியாக ஈரம் சேர்க்கவில்லை.

ஜூலை 17

புது அட்டை. மணி பிளான்டில் 43.

வயிறு கலங்கிவிட்டது. உட்கார்ந்து நாளை எண்ணிப் பார்த்த பிறகுதான் நிதானம் வந்தது. மருந்து ஊற்றிய அன்று கூட்டுப்புழுவாக இருந்தவை எல்லாம் இப்போது வெளியே வருகின்றன. அவற்றை எதுவும் தடுத்திருக்காது.

தக்காளி நாற்று ஆறில் இரண்டு சாய்ந்துவிட்டன. ஒன்றைப் பிடுங்கி அலசிப் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய வேர் வெறும் நரம்பாக நிற்கிறது. வளர்ந்த செடி இந்த அளவு சேதத்தைத் தாங்கிவிடும். நாலு இலை விட்ட நாற்றுக்கு அந்தத் தெம்பு ஏது? விதை போட்டு முளைப்பதைத் தினமும் எட்டிப்பார்த்தது நான்தான், ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 20

இரண்டாம் தவணை மருந்து.

கேட்டவர்கள் எல்லாரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். லவங்கப்பட்டைத்தூள் தூவு என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காபிச் சக்கை போடு என்றார் ஒருவர். மக்கும் குப்பையைத் தின்னும் புழுவுக்குப் பந்தி வைப்பதற்குச் சமம் அது. ஹைட்ரஜன் பெராக்சைடை நீர்க்க ஊற்றினால் மேலே படுகிற புழு சாகும் என்பது வாஸ்தவம், ஆனால் மண்ணிலிருக்கும் நல்ல நுண்ணுயிரும் கூடவே போகும். மேலே மணல் பரப்புவது பரவாயில்லை. ஆனால் அடியில் இருக்கும் ஈரத்தை அது கண்ணுக்கு மறைத்துவிடும். எனக்கு மண் தெரிய வேண்டும்.

ஜூலை 27

மூன்றாம் தவணையும் ஆயிற்று. மணி பிளான்ட் 6! நாற்றுத் தட்டு 1. புதினா மட்டும் 12-லேயே நிற்கிறது.

எல்லாருக்கும் ஒரே தண்ணீர், ஒரே மருந்து, இது மட்டும் ஏன்? செடியை வெளித்தொட்டியிலிருந்து தூக்கினேன். அழகுக்காகப் போட்ட பீங்கான் தொட்டி அது, அடியில் ஓட்டை கிடையாது. வடிந்த தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்கி, லேசாக நாறியது. மேல்மண்ணைக் காயவிட்டு என்ன பிரயோஜனம், அடித்துளை வழியாக உள்ளே போய் முட்டை இட்டிருக்கின்றன. கொட்டிக் கழுவினேன். இனி ஊற்றிய அரை மணி நேரத்தில் வடிந்ததைக் கொட்ட வேண்டும்.

ஜூலை 29

பாதி உபயோகித்த மண்கலவை மூட்டையைப் பிரித்தேன், உள்ளிருந்து இரண்டு பறந்தன. வாய் கட்டாமல் ஈரத்தோடு வைத்திருந்தேன். முதல் கொசு இங்கிருந்தே வந்திருக்கலாம். வெயிலில் மெல்லிசாகப் பரப்பி மொறமொறவென்று காய வைத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்தாயிற்று.

ஆகஸ்ட் 5

புதினாவில் 2. மற்றதெல்லாம் பூஜ்யம்.

காலையில் அம்மா பூவாளியோடு வந்தாள். மணி பிளான்ட் மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரமாத்தான் இருக்கு, நாளன்னிக்கு ஊத்திக்கலாம்" என்று திரும்பிப் போனாள்.

ஆகஸ்ட் 11

புதினாவிலும் மணி பிளான்டிலும் வைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் வைத்தும் ஒன்றும் நெளியவில்லை. மிச்சம் நின்ற நாலு நாற்றில் ஒன்று புதுத் துளிர் விட்டிருக்கிறது. நாலையும் காய வைத்த மண்ணுக்கு மாற்றினேன், தட்டில் ஒரே ஒரு மஞ்சள் அட்டை மட்டும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.